காய்ப்புழுவுக்கு மட்டும்

ஊர்த்தலைவரைக் கண்டு கோலாக் கொட்டை வைத்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் லரிபா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இந்த ஊர்ல என்னை ரொம்பத் திட்டுறது யாரு?" நிற்பவர்கள் நெளிவார்கள். ஒருவர் தொண்டையைச் செருமுவார். கடைசியில் யாராவது ஒரு பெண் முகவாயால் ஒரு வீட்டைக் காட்டுவாள். "சரி, முதல்ல அங்க" என்று தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்த வாசலை நோக்கி லரிபா நடப்பாள். கூட்டம் அப்புறம்தான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. வேளாண் விரிவாக்க அலுவலர். தமலே நகரத்துக்கு வடக்கே நாற்பத்தொரு ஊர்கள் அவள் பொறுப்பில். பைக் என்ன நிறம் என்று அவளைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். செம்மண் அப்படி அப்பியிருக்கும். பின்னால் கட்டிய பையில் ஒரு நோட்டு, ஒரு பொட்டலம் பிஸ்கட், இரண்டு கண்ணாடிப் புட்டிகள். ஒன்றில் பழைய ரகத் தட்டைப்பயறு, காய் முழுக்க ஓட்டையும் எச்சமுமாக. இன்னொன்றில் புது ரகம். மரபணு மாற்றிய பயறு. பழைய ரகத்தில், காய்ப்புழுவுக்குப் பயந்து ஒரு போகத்தில் எட்டு தடவை மருந்து அடிப்பார்கள். புது ரகத்தின் காயைக் கடித்த புழு அங்கேயே சுருண்டுவிடும். இந்த ஒரு செய்தியை நம்ப வைக்கத்தான் அவள் மூன்று வருடமாக அலைகிறாள்.

நம்ப வைப்பது என்ற சொல்லே அவளுக்குப் பிடிக்காது. "நான் சொன்னா நம்பாதீங்க. பிளந்து பாருங்க" என்பாள். அவள் கையால் காயைப் பிளந்து காட்டவே மாட்டாள். எதிரில் இருப்பவர் நகத்தால்தான் பிளக்க வேண்டும். பிளக்கும்வரை காயை நீட்டிக்கொண்டே நிற்பாள், கை வலித்தாலும்.

வதந்திகளுக்குக் குறைவில்லை. சாப்பிட்டால் ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஒரு ஊரே பயந்து கிடந்தது. "எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா இதைத்தான் சாப்பிடுறாரு. இப்ப ரெண்டாவது கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுறாரு. நான் எவ்வளவு கஷ்டத்துல இருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள் லரிபா. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பன்றியின் மரபணு இருக்கிறதாமே என்று இன்னொரு ஊர் இமாம் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். "எனக்கு அடியும் நுனியும் தெரியாது. கேட்டுட்டு வர்றேன்" என்று போய், ஆராய்ச்சிப் பண்ணையில் அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்பே இமாம் வாசலில் நின்றாள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, பன்றியும் இல்லை, வேறு எந்த மிருகமும் இல்லை என்றாள். இமாம் தாடியைத் தடவினார். "மண்ணுல இருந்துதான் நாமளும் வந்தோம்" என்றார். அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் பன்றியைப் பற்றிப் பேசவில்லை.

"தெரியாது" என்று சொல்ல அவள் கூசுவதே இல்லை. ஒரு பெண் எழுந்து, "மாவு பொங்குமா?" என்று கேட்டாள். தட்டைப்பயறை அரைத்து இலையில் மடித்து ஆவியில் வேகவைக்கிற துபானி விற்பவள். விஞ்ஞானிகளிடம் கேட்டால் புரதம், ஈரப்பதம் என்று நீட்டினார்கள். மாவு பொங்குமா என்பதற்குப் பதில் இல்லை. லரிபா வீட்டில் இரண்டு சட்டி மாவு அரைத்து, பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் அடித்து வைத்துப் பார்த்தாள். பிறகு அந்த ஒருத்திக்குப் பதில் சொல்ல நாற்பது கிலோமீட்டர் போனாள். "பொங்குது. ஆனா தண்ணி ஒரு கை அதிகம் கேக்குது."

ஒருமுறை தலைநகர் அக்ராவிலிருந்து இந்த விதைக்கு எதிராகப் பேச வந்த இளைஞர் ஒருவர் வண்டி பழுதாகி வழியில் நின்றார். அவரும் அவள் போகும் ஊருக்குத்தான். பின்னால் ஏற்றிக்கொண்டாள். "ஒரே நாள்ல ரெண்டு பேரையும் கேட்டுட்டா ஜனங்களுக்கு ஒரு நடை மிச்சம்" என்றாள். அங்கே இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாலை வரை சண்டை போட்டார்கள். விதைக் கம்பெனிகளின் பிடியைப் பற்றி அவர் கேட்ட ஒரு கேள்வியை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று கேட்பவர்களிடம் ஒளிக்காமல் சொல்வாள்.

ஒன்றை மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அவள் அண்ணன் எதிர்காற்றில் மருந்து அடித்து ஒரு கண்ணை இழந்தவர். மேலதிகாரி அக்பெகோ, "இதைச் சொல்லு லரிபா, ஜனங்க உருகிடுவாங்க" என்று பலமுறை தூண்டியிருக்கிறார். "என் அண்ணன் கண்ணை ஊர் ஊரா எடுத்துட்டுப் போய்க் காட்டச் சொல்றீங்களா சார்?" என்று ஒரு நாள் கேட்டாள். அதன்பின் அவர் கேட்கவில்லை.

இத்தனை கவனமானவளை ஒரு பாட்டு கவிழ்த்தது.

தமலே வானொலியில் புதன்கிழமை காலை அவளுக்குக் கால்மணி நேரம் உண்டு. நிகழ்ச்சியை நடத்தும் சகிபு நல்ல குரல்காரர், எதைக் கேட்டாலும் கை மேசையில் தாளம் போடும். அவள் ஒரு நாள் பேச்சுவாக்கில், "இனிமே முதுகுல மருந்து டேங்கைச் சுமந்து வளைய வேண்டாம்" என்றாள். சகிபுவுக்குப் பொறி தட்டியது. அடுத்த வாரம் மேளத்தோடு பாட்டு வந்துவிட்டது. 'டேங்கை இறக்கு, முதுகை நிமிர்த்து! லரிபா பயறு வந்தாச்சு!' ஒரு நாளைக்குப் பத்து தடவை ஒலித்தது. சந்தையில் பாடினார்கள், கிணற்றடியில் பாடினார்கள். அவளும் பைக்கில் போகும்போது முணுமுணுத்தாள். நாற்பத்தொரு ஊருக்கும் தன் கால் போகாத இடத்துக்கும் இந்தப் பாட்டு போகிறதே என்ற நிறைவு அவளுக்கு.

புது ரகம் காய்ப்புழுவை மட்டும்தான் தடுக்கும். சாறு உறிஞ்சும் அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் அதுவும் மற்ற எந்தப் பயறையும் போலத்தான். மொட்டு விடும்போது ஒரு தடவை, பிஞ்சு பிடிக்கும்போது ஒரு தடவை, ஆக இரண்டு முறை மருந்து அடித்தே ஆக வேண்டும். இதை அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னாள். வானொலியிலும் சொன்னாள். பாட்டில்தான் இல்லை.

நபரியிலி ஊரில் அபுகரி என்றொரு விவசாயி. ஐம்பத்தைந்து வயது. கூட்டத்துக்கெல்லாம் வருகிறவர் அல்ல. வானொலியை மரக்கிளையில் தொங்கவிட்டு அதன் கீழே களை எடுக்கிறவர். அந்த மழைக்கு இரண்டு ஏக்கரிலும் புது விதை போட்டார். மருந்து டேங்கை மச்சானுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். பயிர் செழித்து வந்தது, பூத்தது, வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு ஒரே வாரத்தில் தண்டெல்லாம் கறுப்பாக அசுவினி ஏறியது. பூக்கள் கொட்டின. சந்தை நாளன்று அபுகரி நடுச்சந்தையில் நின்று கத்தினார்: "லரிபா பயறு இல்ல, லரிபா பொய்!" அது பாட்டைவிட வேகமாகப் பரவியது.

அக்பெகோ விதையோடு கொடுக்கும் கையேட்டை மேசையில் விரித்தார். "மூணாம் பக்கத்துல தெளிவா அச்சடிச்சிருக்கோம். ரெண்டு தடவை மருந்து. நம்ம மேல தப்பே இல்ல."

"அபுகரி அண்ணனுக்கு எழுத்து தெரியாது சார்."

"அது நம்ம தப்பா?"

"எழுத்து தெரியாதவங்களுக்குத்தான சார் பாட்டு போட்டோம்" என்றாள் லரிபா.

அன்று பகலிலேயே நபரியிலிக்குப் போனாள். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. திட்டுகிறவர் வீடு ஊருக்கே தெரியும். அபுகரி முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. வந்தவருக்கு முதலில் ஒரு குவளைத் தண்ணீர், அதன்பிறகே பேச்சு என்பது அங்கே பகையாளிக்கும் உள்ள மரியாதை. தண்ணீர் வரவில்லை. லரிபா மரக்கட்டையில் உட்கார்ந்தாள். நிழல் சாய்கிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள், உட்கார்ந்தாள், போனாள். மூன்றாம் நாள் அபுகரியின் மனைவி சனாட்டு குவளையைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள். "குடி. நீ இங்கயே மயங்கி விழுந்தா அந்தப் பழியும் எங்க மேலதான் வரும்."

அபுகரி கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தார். "வா" என்றார்.

வயலுக்குக் கூட்டிப்போனார். காய்ந்த கொடிகள் கால்களில் சிக்கின. நடுவில் நின்று அவள் பக்கம் திரும்பினார். "எங்க போனாலும் பிளந்து பாருங்கன்னு சொல்லுவியாமே. வா, பிளக்கலாம். காய் எங்க இருக்கு, காட்டு."

லரிபா சுற்றிப் பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிப் பிடித்த சில காய்கள் தெரிந்தன. வழுவழுவென்று, ஒரு ஓட்டை இல்லாமல். பாருங்கள் அண்ணே, புழு வரவில்லை என்று சொல்லலாம். அது உண்மைதான். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினாள்.

"பாட்டுல பாதிதான் இருந்துச்சு அண்ணே. மீதிப் பாதி இல்லைன்னு எனக்குத் தெரியும். பாட்டு நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா விட்ட?"

"தெரிஞ்சேதான்."

அவர் காலில் சிக்கிய கொடியைப் பிடுங்கி எறிந்தார். "இதை என்கிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

புதன்கிழமை கால்மணி நேரமும் அதைத்தான் பேசினாள். அபுகரியின் பெயரை அவர் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். டேங்கை விற்காதீர்கள், விற்றிருந்தால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், காய்ப்புழுவுக்கு மட்டும்தான் இந்த விதை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாட்டை நிறுத்தச் சொன்னபோது சகிபுவின் முகம் வாடிப்போனது. "அக்கா, இந்த மாதிரி ஒரு பாட்டு எனக்கு இனி அமையாது." "எனக்கும்தான் தம்பி" என்றாள். பாட்டுக்குப் பதில் நீளமான ஒரு அறிவிப்பு வந்தது. அதை யாரும் முணுமுணுக்கவில்லை. விதை கேட்டு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் நாடாளுமன்ற விவசாயக் குழு வருவதாகத் தகவல் வந்தது. இந்த மாவட்டத்துக்குப் புது விதையை அரசு தொடர்ந்து தருவதா, நிறுத்துவதா என்று அவர்கள் பரிந்துரைக்க வேண்டும். தலைவி மேடம் ஒஃபொரிவா, தெற்கத்திக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அக்பெகோ ஆராய்ச்சிப் பண்ணையின் மாதிரி வயலில் பந்தல் போட்டார். நாற்காலி, தண்ணீர்ப் புட்டி, பயறுப் படம் போட்ட பனியன். "நபரியிலிப் பக்கம் மட்டும் பேச்சே எடுக்காத" என்றார் லரிபாவிடம்.

மாதிரி வயல் அமோகமாக விளைந்திருந்தது. மேடம் ஒஃபொரிவா இரண்டு காயைப் பிளந்து பார்த்துத் தலையாட்டினார். எல்லோரும் பந்தலுக்குத் திரும்பும்போது லரிபா குறுக்கே வந்து நின்றாள். "இன்னொரு வயல் இருக்கு மேடம். அது நாசமாப் போன வயல். கார்ல பத்து நிமிஷம். அதையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

அக்பெகோவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தெரியும்.

நபரியிலியில் கார்கள் நின்றதும் ஊரே கூடிவிட்டது. மேடம் ஒஃபொரிவாவுக்கு இந்தப் பக்கத்து மொழி தெரியாது. மொழிபெயர்க்க லரிபாவைவிட்டால் ஆள் இல்லை. அபுகரி காய்ந்த கொடிகளுக்கு நடுவே வந்து நின்று தொடங்கினார்.

"இந்தப் பொம்பள ரேடியோவுல பாட்டு போட்டா. டேங்கை இறக்குன்னா. நான் இறக்கினேன். பூவெல்லாம் கொட்டிப்போச்சு. பயறு வெளைஞ்ச வீட்ல இந்த வருஷம் பயறு வாங்கித் திங்கிறோம். சந்தையில என் பொண்டாட்டி தலை குனிஞ்சு நடக்குறா. இவ பாதியை மறைச்சா. தெரிஞ்சே மறைச்சா. அவளே ஒத்துக்கிட்டா."

லரிபா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லையும் விடவில்லை. 'தெரிஞ்சே மறைச்சா' என்ற இடத்தில் மட்டும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். முடித்துவிட்டு, "அந்தப் பொம்பள நான்தான் மேடம்" என்றாள்.

மேடம் ஒஃபொரிவா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அவர் பேசின அளவுக்கே நீங்களும் பேசினீங்க. நான் போற இடத்துல எல்லாம் மொழிபெயர்ப்பு பாதியாத்தான் வரும்." பிறகு கேட்டார்: "அப்படின்னா இந்த விதையை நிறுத்திடலாமான்னு அவரையே கேளுங்க."

பின்னால் அக்பெகோ இருமினார். கேள்வியைக் கொஞ்சம் வளைத்துக் கேட்கலாம். நிறுத்தினால் பழையபடி எட்டு தடவை மருந்துதானே என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்க்கலாம். லரிபா சேர்க்கவில்லை. "விதையை நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க அண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

அபுகரி குனிந்தார். தேடித் தேடி நாலைந்து காய்களைப் பறித்தார். ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"புழு இல்ல" என்றார். "அதுல இவ பொய் சொல்லல. எட்டு தடவை டேங்கைச் சுமந்தவன் நான், ரெண்டு தடவை எனக்கு ஒரு பாரமா? சொல்லியிருந்தா சுமந்திருப்பேன்." காய்களை மேடத்தின் கையில் கொட்டினார். "விதையை நிறுத்தாதீங்க. பாட்டை நிறுத்துங்க. ஆள் நேர்ல வந்து முழுசா சொல்லட்டும். நாப்பத்தோரு ஊருக்கு ஒரு பொம்பள, ஒரு பைக்கு. அப்புறம் பாட்டு போடாம என்ன பண்ணுவா?"

லரிபா மொழிபெயர்க்கத் தொடங்கினாள். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது நிறுத்திவிட்டு, தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். மேடம் ஒஃபொரிவா அவசரப்படுத்தவில்லை. அவள் கட்டி முடிக்கும் வரை காத்திருந்து, அதையும் கேட்டுக்கொண்டு, குறிப்பேட்டில் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விதை தொடரும், ஆனால் நேரில் விளக்கம் கேட்காத யாருக்கும் பை கொடுக்கக் கூடாது. விதைப் பையின் மேல் எழுத்து தெரியாதவருக்கும் விளங்கும்படி இரண்டு டேங்க் படங்கள் அச்சடிக்க வேண்டும். கூடுதலாக மூன்று அலுவலர்கள் என்று போட்டிருந்தது, வந்தது ஒருத்தர்தான். நாற்பத்தொரு ஊர்களும் இருவருக்கு இருபதும் இருபத்தொன்றுமாகப் பிரிந்தன. அக்பெகோ லரிபாவோடு ஒரு மாதம் தேவைக்கு மேல் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே, "அந்தத் துபானி மாவுக்குத் தண்ணி ஒரு கை அதிகம்னு சொன்னியே, அதையும் பைல போடலாமா?" என்று கேட்டார்.

அடுத்த மழைக்கு விதைக் கொட்டகை திறந்த அன்று வரிசை வேப்பமரம் தாண்டி நின்றது. போன வருடம் அளவுக்கு இல்லை. ஆனாலும் வந்தவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், எதிர்க்கேள்வி கேட்டார்கள். அபுகரியும் நின்றார். அரை ஏக்கருக்கு மட்டும் புது விதை, மீதியில் பழைய விதை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "அது உங்க இஷ்டம் அண்ணே" என்று லரிபா பையை எடுத்து நீட்டினாள்.

அவர் பையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுமுனையை அவள் பிடித்திருந்தாள்.

"என்ன?"

"சொல்லுங்க."

"எனக்கேவா?" வரிசையில் சிரிப்பு எழுந்தது. "ஊருக்கே கத்திச் சொன்னவன் நான்!"

"உங்களுக்குத்தான் முதல்ல."

அபுகரி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிறவர் போலத் தோளை நிமிர்த்தினார். "காய்ப்புழுவுக்கு மட்டும். மத்ததுக்கு ரெண்டு தடவை."

பை அசையவில்லை.

"எப்ப எப்ப?"

"மொட்டு விடும்போது ஒண்ணு." சற்றுத் தடுமாறினார். பின்னால் நின்றவர் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். லரிபா அவரை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார். அபுகரி நெற்றியைச் சுருக்கினார். "பிஞ்சு பிடிக்கும்போது ஒண்ணு."

லரிபா விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள்.